ஒரே கலர் அடித்த வீடு சப்பென்று இல்லாமல் இருக்க என்ன செய்யலாம்?

வட சென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் நாம் குடியிருக்கிற வீடுகள் பெரும்பாலும் சின்னவை. பத்துக்குப் பத்து ஹால், அதை ஒட்டி ஒரு ரூம், அப்புறம் கிச்சன். இதில் சுவர் ஒரு கலர், கதவு ஒரு கலர், பீரோ ஒரு கலர், திரை இன்னொரு கலர் என்று இருந்தால் வீட்டுக்குள் நுழைந்ததுமே நெரிசலாகத் தெரியும். அதனால்தான் நிறையப் பேர் இப்போது வீடு முழுக்க ஒரே கலர் என்று வருகிறார்கள், நல்ல முடிவுதான், நான் யாரையும் தடுக்க மாட்டேன். ஆனால் அடித்து முடித்து சாமான்களைத் திரும்ப வைத்ததும் “என்னமோ குறையுதே” என்று தோன்றும். உடனே ஒரு சுவரை மட்டும் சிவப்போ ஊதாவோ அடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள்.

இதுவரை ஒரு பொருளை இன்னொரு பொருளிலிருந்து பிரித்துக் காட்டியது கலர். அதை எடுத்துவிட்டால் அந்த வேலையை வேறு ஏதாவது செய்ய வேண்டும், அதைச் செய்யக்கூடியவை நிழலும் பளபளப்பும்தான். பெரம்பூர் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் பின்னி மில் காக்கித் துணியைப் பற்றிச் சொல்வார்கள். பின்னி கம்பெனியின் பக்கிங்காம் அண்டு கர்நாடிக் மில்லில் நெய்த அந்த டிரில் துணியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் சாய்வாக வரி வரியாக ஓடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மயிரிழை அளவுக்கு நிழல் விழும். அதனால்தான் ஒரே காக்கியாக இருந்தும் அந்தத் துணி கனமாக, உள்ளே ஏதோ இருக்கிற மாதிரி தெரிகிறது. அதே சாயத்தை வழவழப்பான பாப்ளின் துணிக்கு ஏற்றினால் வெறும் காக்கிதான். வீட்டுச் சுவருக்கும் இதே கணக்கு.

முதலில் வெளிச்சம், பெயின்ட் அப்புறம்

ராத்திரி ஹாலில் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி அடித்துப் பாருங்கள். கொத்தனார் கரண்டி போன வழி, பட்டி பார்த்த இடத்தின் விளிம்பு, பழைய ஆணி ஓட்டை அடைத்த மேடு, எல்லாம் தெரியும். இப்போது நாலடி தள்ளி வந்து அதே இடத்தில் டார்ச்சை நேராக அடியுங்கள். அத்தனையும் காணாமல் போய்விடும். சுவர் அதே சுவர்தான், வெளிச்சம் வருகிற கோணம்தான் மாறியிருக்கிறது. டெக்ஸ்சருக்கு, அதாவது சுவரில் மேடு பள்ளமாகப் போடுகிற பூச்சுக்கு, பணம் செலவு பண்ணுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை செய்து பார்த்தே ஆக வேண்டும்.

நம் தெரு வீடுகளில் பெரும்பாலும் பக்கத்து வீட்டுச் சுவரோடு நம் சுவர் ஒட்டி இருக்கும், வெளிச்சம் முன்வாசல் வழியாகவும் அதை ஒட்டிய ஜன்னல் வழியாகவும் மட்டும்தான் வரும். அப்படி வரும் வெளிச்சம் ஜன்னலை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடுகிற சுவரைத் தடவிக்கொண்டு போகிறது. சொரசொரப்போ வரியோ எது வைப்பதாக இருந்தாலும் அந்தப் பக்கச் சுவரில் வையுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரில் இருக்கிற சுவரில் வெளிச்சம் நேராக மோதும், அங்கே எவ்வளவு செலவழித்து டெக்ஸ்சர் வைத்தாலும் பகலில் பாதிதான் தெரியும். அந்தச் சுவருக்கு நிற வித்தியாசமோ துணியோதான் சரி. ஜன்னல் இருக்கிற சுவர் எப்போதும் இருட்டாகவே தெரியும், ஏனென்றால் கண் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிவிடுகிறது. அதை இருப்பதிலேயே வெளிறிய ஷேடில் விட்டுவிடுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலைப் பார்த்த கிழக்கு வாசல் என்றால் காலை வெயில் நேராக உள்ளே வந்து அறையும், மதியத்துக்கு மேல் மங்கிவிடும். அந்த வீடுகளில் ராத்திரி விளக்கை நம்பித்தான் திட்டம் போட வேண்டும்.

விளக்கைப் பொறுத்தவரை, ஹால் நடுவில் உயரத்தில் ஒரே ஒரு 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற எண், குறைந்தால் மஞ்சளாக இருக்கும்) வெள்ளை டியூப் லைட் இருந்தால் வேறு எது செய்தும் பலன் குறைவு. அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சத்தைக் கொட்டி நிழல்களை அழித்துவிடும். அதைக் கழற்றச் சொல்லவில்லை, பிள்ளைகள் படிக்க அது வேண்டும். அதோடு தனி ஸ்விட்சில் இரண்டு சின்ன விளக்குகள் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தனம், ஐவரி, பிஸ்கட் மாதிரி சூடான நிறங்களுக்கு 2700 முதல் 3000 கெல்வின். சாம்பல், நீலம், பச்சைச் சாயல் என்றால் 4000. பாக்கெட்டில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அது 90க்கு மேல் இருந்தால் ஒரே நிறத்தின் நெருக்கமான ஷேடுகள் தனித்தனியாகத் தெரியும். டெக்ஸ்சர் சுவருக்கான விளக்கை சுவரிலிருந்து அரை அடி முதல் ஒரு அடிக்குள் வைத்தால் வெளிச்சம் தடவிக்கொண்டு இறங்கும். இரண்டு மூன்று அடி தள்ளி வைத்தால் சுவர் முழுக்க ஒரே சீராகப் பரவும், மேடு பள்ளம் தெரியாது. பூச்சு கோணலாக இருக்கிற சுவருக்கு இந்த இரண்டாவது வழிதான் நல்லது.

ஒரே கலர் என்றால் ஒரே டப்பா என்று அர்த்தம் இல்லை

ஷேட் கார்டில் ஒரு பட்டையை எடுத்துக்கொண்டால் மேலிருந்து கீழாக ஒரே நிறம் வெளிறியதிலிருந்து அடர்த்திக்குப் போகும். அதில் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிறியது சுவர்களிலும் சீலிங்கிலும், நடுவில் இருப்பது எதிர்ச் சுவர், திரை, சோபா உறைக்கு, அடர்த்தியானது கதவு நிலை, ஸ்கர்ட்டிங் (தரையை ஒட்டிச் சுவரடியில் ஓடுகிற பட்டை), ஒன்றிரண்டு சின்னச் சாமான்களுக்கு. அளவு கேட்டால் இன்டீரியர் வேலை செய்கிறவர்கள் 60, 30, 10 சதவீதம் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கு இங்கேயும் நன்றாகவே பொருந்தும், ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம்.

கார்டில் பிடித்த மாதிரி ஷேட் கிடைக்கவில்லை என்றால் மெஷினில் கலர் கலந்து தருகிற கடையில், தேர்ந்தெடுத்த ஷேடையே பாதி அளவு கலர் விட்டுத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் செய்து தருவார்கள். அந்தக் கலவையின் நம்பரை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் டச்சப் பண்ண வேண்டி வரும்.

வெள்ளை அடிக்கிறவர்கள்தான் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரு வெள்ளைக்குள் மஞ்சள் இருக்கும், இன்னொன்றில் நீலம், மற்றொன்றில் சாம்பல். தனியாகப் பார்த்தால் எல்லாமே வெள்ளைதான். ஒரு ஏ4 பேப்பரை ஷேடின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உள்ளே ஒளிந்திருக்கிற சாயல் உடனே வெளியே வந்துவிடும். மஞ்சள் சாயல் வெள்ளைச் சுவருக்கு நீலச் சாயல் வெள்ளைத் திரை போட்டால் ஏதாவது ஒன்று அழுக்காகத் தெரியும். இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் அடித்து, அதைக் காலையிலும் மதியத்திலும் டியூப் லைட்டிலும் அந்தந்தச் சுவரிலேயே சாய்த்து வைத்துப் பார்த்து முடிவு பண்ணுங்கள், கடையில் நின்றுகொண்டு முடிவு பண்ணாதீர்கள்.

பளபளப்பை வைத்து விளையாடுவது

செலவு குறைவு, பலன் அதிகம் என்று நான் முதலில் சொல்வது இதைத்தான். பளபளப்பே இல்லாத மேட் பெயின்ட் வெளிச்சத்தைச் சிதறடித்துவிடும், லேசாகப் பளபளக்கிற சாட்டின் அதைத் திருப்பி அனுப்பும். அதனால் ஒரே ஷேடை சுவருக்கு மேட்டிலும் கதவுக்கும் நிலைக்கும் சாட்டினிலும் அடித்தால் கண்ணுக்கு இரண்டு நிறமாகத் தெரியும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம் என்றால் ஜன்னலை ஒட்டின பக்கச் சுவரில் மேட் மேல் சாட்டின் பட்டைகள் போடுங்கள். மேட் இரண்டு கோட் அடித்து ஒரு நாள் முழுக்கக் காய விடவும். நூல் பிடித்து, செங்குத்தாக ஆறு அங்குலத்துக்கு ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டவும். இனிமேல்தான் முக்கியமான விஷயம்: டேப்பின் விளிம்பு மேல் முதலில் அதே மேட் பெயின்டை ஒரு தடவை மெல்லிசாக அடித்துக் காய விட வேண்டும். விளிம்புக்கு அடியில் ஏதாவது சந்து இருந்தால் மேட் போய் அடைத்துக்கொள்ளும், அதன் பிறகு அடிக்கிற சாட்டின் உள்ளே கசியாது. சாட்டின் இரண்டு கோட். இரண்டாவது கோட் முழுசாகக் காய்வதற்குள் டேப்பைச் சாய்வாக மெதுவாக இழுத்து எடுங்கள், முழுசாகக் காய்ந்தபின் இழுத்தால் விளிம்பு பிய்ந்து வரும். நேராக நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும் சுவர், வாசலிலிருந்து கிச்சனுக்கு நடக்கும்போது பட்டை பட்டையாக வெளியே வரும்.

கண்ணாடி மாதிரி பளபளக்கிற கிளாஸி எனாமலை சுவருக்கு அடிக்க வேண்டாம். பூச்சின் ஒவ்வொரு குழியையும் அது காட்டிக் கொடுக்கும்.

துடைப்பம் இழுத்த சுவர்

ரெடிமேட் டெக்ஸ்சர் விலை கூடுதல், அதோடு பெயின்டர் அண்ணன் அதை டி.வி. சுவரில்தான் போடுவேன் என்று நிற்பார். “ஹாலுக்குள்ள வந்தா அதானேக்கா மொதல்ல தெரியும்” என்பார். டி.வி. ஓடும்போது அந்தச் சுவரை யாரும் பார்ப்பதில்லை; டி.வி. அணைந்திருந்தால் கருப்புக் கட்டத்தைச் சுற்றி மேடு பள்ளம் கண்ணை உறுத்தும். “ஜன்னலை ஒட்டின சுவர் மட்டும் போதும்ணே” என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

அந்தச் சுவருக்கு சாதாரண வெள்ளை சிமென்ட் பட்டியும் புது ஈர்க்குத் துடைப்பமும் போதும். வழக்கம் போல ஒரு கோட் பட்டி வைத்துத் தேய்த்து முடித்த பிறகு, அடுத்த கோட்டை மெல்லிசாக இழுத்து, அது ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தின் நுனியை விரித்துப் பிடித்து ஒரே மூச்சில் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். நடுவில் கை நின்றால் அந்த இடம் கோடாகத் தெரியும். மூன்றடி அகலம் பட்டி வைப்பது, உடனே இழுப்பது, அடுத்த மூன்றடி, இப்படியே மூலையிலிருந்து மூலை வரை நிறுத்தாமல் போக வேண்டும், அதனால் ஒருவர் வைக்க ஒருவர் இழுக்க என்று இரண்டு பேர் தேவை. வெள்ளை சிமென்ட் பட்டி சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள். வரி ஆழமாக வர வேண்டும் என்று தடிமனாக வைக்காதீர்கள், மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால் பிறகு வெடிப்பு விடும். காய்ந்ததும் துருத்திக்கொண்டிருக்கும் முனைகளை உப்புத்தாளால் லேசாகத் தட்டிவிட்டு, பிரைமர், அதன் மேல் மேட் இரண்டு கோட்.

வரி எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது என்றால் வரி மேலிருந்து கீழே ஓட வேண்டும். விளக்கு மேலே இருந்து தடவிக்கொண்டு இறங்குகிறது என்றால் வரி படுக்கையாக ஓட வேண்டும். வெளிச்சம் போகிற திசையிலேயே வரியும் போனால் நிழல் விழாது, செய்த வேலை வீண்.

ஓதமும் உப்பும்

கடல் ஓரத்தில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் டெக்ஸ்சர் பேசவே கூடாது. அடிச்சுவரில் உப்பு பூத்து மாவாகக் கொட்டுகிற வீடுகள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஏராளம். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். ஷீட்டுக்கு உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அதற்கு மேல் எந்த பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தாலும், எவ்வளவு விலையுள்ளதாக இருந்தாலும், ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளமாக எழும்பும். கசிகிற பைப்பையும் மாடித் தளத்தையும் முதலில் சரி செய்ய வேண்டும். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

இன்னொன்று, நாம் எல்லோரும் பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் மார்கழியில் காய்ந்திருக்காது. டெக்ஸ்சர் மாதிரி வேலைகளையாவது மாசி, பங்குனிக்குத் தள்ளி வையுங்கள்.

பழைய சுண்ணாம்புச் சுவர் உள்ள வீடு வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதற்கு பட்டியும் வேண்டாம் எமல்ஷனும் (பிளாஸ்டிக் பெயின்ட்) வேண்டாம், சுண்ணாம்பே அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைக்காமல் மூச்சு விடவிடும், அதோடு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை இழுத்து நாளாக நாளாகக் கெட்டிப்படும். நன்றாக ஊறிய சுண்ணாம்பை மெல்லிய துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். நிறத்துக்கு மஞ்சள் காவி, செங்காவி மாதிரி மண் வண்ணங்கள்தான் தாங்கும், மற்ற சாயங்களில் பலவற்றைச் சுண்ணாம்பின் காரம் தின்றுவிடும். சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, மட்டையாலோ அகல பிரஷ்ஷாலோ குறுக்கும் நெடுக்குமாக மெல்லிசாக மூன்று நாலு கோட். அடிக்கும்போது கலர் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்ததும் நன்றாக வெளிறும், அதனால் ஒரு மூலையில் அடித்துக் காய வைத்துப் பார்த்த பிறகுதான் மொத்தமாகக் கலக்க வேண்டும். ஒரே கலருக்குள் மேகம் மேகமாக ஏற்ற இறக்கம் வருவது இதில் தானாக நடக்கும், எந்த டெக்ஸ்சர் டப்பாவிலும் அது வராது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், கண்ணில் பட்டால் ஆபத்து. ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, உரிந்துவிடும்.

வாடகை வீடு என்றால்

ஓனர் ஆணி அடிக்கவே விட மாட்டார் என்கிற நிலைமை பலருக்கு. பரவாயில்லை, துணியும் பாயும் இருக்கின்றன. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிமணி எடுக்கப் போகிற அன்றே ஜார்ஜ் டவுன் கோடவுன் தெருவுக்கும் போய்விட்டு வாருங்கள், திரைக்கு மீட்டர் கணக்கில் வாங்க அதுதான் இடம். வெள்ளை, சந்தனக் கலர் வீட்டுக்கு வெளுக்காத காடா துணி மாதிரி ஒன்று கிடையாது. விலை குறைவு, நூலில் ஆங்காங்கே முடிச்சும் தடிப்பும் இருக்கும், வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது அந்த முடிச்சுகள் தெரியும். ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பு விழத் தையுங்கள், மடிப்பு இல்லாத திரை அட்டை மாதிரி தொங்கும். தைப்பதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காய வைக்க மறக்காதீர்கள், காடா சுருங்கும்.

தரைக்கு கோரைப்பாய் அல்லது தேங்காய் நார் விரிப்பு, அதன் மேல் பாதி மறைகிற மாதிரி அதே நிறச் சாயலில் பவானி ஜமக்காளம். சொரசொரப்பின் மேல் மெத்தென்று ஒன்று இருக்கும்போது இரண்டுமே எடுப்பாகத் தெரியும். பழவேற்காட்டுப் பெண்கள் முடைகிற பனையோலைப் பெட்டிகள் கிடைத்தால், சாயம் போடாத ஓலை நிறத்திலேயே பெரிதும் சின்னதுமாக வாங்கி வையுங்கள். காசிமேட்டில் வலையும் கயிறும் விற்கிற கடைகளில் தடித்த கயிறு எடைக்குக் கிடைக்கும், பழைய முக்காலியின் மேல்பலகை போய்விட்டதென்றால் அதில் பின்னிவிடலாம். வெள்ளைக் கயிறு என்றால் பருத்தியா நைலானா என்று கேட்டு வாங்குங்கள், நைலான் பளபளக்கும், அது வேறு மாதிரி போய்விடும்.

கையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூலையில் குவிக்க வேண்டாம். ஒரு மூலையில் சொரசொரப்பு ஒன்று, வழவழப்பு ஒன்று, மெத்தென்று ஒன்று. அதற்கு மேல் போனால் ஒரே கலர் அடித்ததன் நிம்மதியே போய்விடும்.

தூசி விஷயம்

எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி சாலை ஓரத்து வீடுகளில் கன்டெய்னர் லாரி கிளப்புகிற கருந்தூசி ஒரே நாளில் ஜன்னல் கட்டையில் படியும். டெக்ஸ்சர் என்றாலே தூசிக்கு உட்கார இடம் கொடுப்பதுதான். அதனால் ரோட்டைப் பார்த்த ஜன்னல் உள்ள ரூமில் படுக்கை வரிகளைத் தவிர்த்துவிட்டு செங்குத்து வரியாகவே வையுங்கள், தூசி குறைவாகத் தங்கும். தரையிலிருந்து மூன்றரை அடி வரை, குழந்தைகள் கை படுகிற உயரத்துக்கு, துடைக்கிற மாதிரி வழவழப்பான சாட்டின், அதற்கு மேலே டெக்ஸ்சர். ஒரே ஷேடில் இப்படிப் பிரித்தால் அதுவே ஒரு அழகு. கிச்சனில் டெக்ஸ்சர் வேண்டவே வேண்டாம், தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கும் இந்தத் தூசியும் சேர்ந்தால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

கடைசியாக பீரோ. நம் வீடுகளில் பெட்ரூமில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற ஸ்டீல் பீரோவை அப்படியே விட்டுவிட்டு சுவரை மட்டும் மாற்றினால் கண் நேராக அதில்தான் போய் விழும். 220 நம்பர் உப்புத்தாளால் பழைய பளபளப்பு போகிற அளவுக்குத் தேய்த்து, துரு இருக்கிற இடத்தை இரும்பு தெரிகிற வரை சுரண்டி, மெட்டல் பிரைமர் ஒரு கோட், அப்புறம் சாட்டின் எனாமல் இரண்டு கோட் மெல்லிசாக. சுவருக்கு அடித்த எமல்ஷன் ஷேடும் எனாமல் ஷேடும் ஒரே நம்பராக இருந்தாலும் அப்படியே ஒத்துப்போகாது, அருகில் வைத்தால் லேசாக விலகித் தெரியும். அதனால் பீரோவுக்கு அதே பட்டையில் ஒரு படி அடர்த்தியான ஷேடையே வாங்குங்கள்.